இடது விலாவில் ஒரு கொம்பு

செங்கல் சூளையில் மண் அரைக்க மோட்டார் வந்து இறங்கிய அன்றுதான் குதிரைக்குக் கண் தெரியாது என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

அதற்கு முன் பன்னிரண்டு வருடமாக அது அங்கே சுற்றிக்கொண்டிருந்தது. தரையில் ஒரு குழி. குழியின் நடுவில் இரும்புத் தகடுகள் செருகிய தூண். தூணின் தலையிலிருந்து ஒரு நீளமான கழி வெளியே வரும். கழியின் முனையில் குதிரை. கழியிலிருந்து கிளைத்த ஒரு மெல்லிய கொம்பு குதிரையின் இடது விலாவை ஒட்டி முன்னால் வந்து தலைக்கயிற்றில் முடியும். குதிரை நடந்தால் தூண் சுற்றும், தூண் சுற்றினால் மண் அரைபடும், மண் அரைபட்டால் நாற்பது பேருக்குப் பிழைப்பு ஓடும். சுற்றுவது எப்போதும் இடப்பக்கம்தான். தகடுகளின் சாய்வு அப்படி.

தலை சுற்றக் கூடாது என்று அதன் கண்ணைச் சாக்குத் துணியால் கட்டிவிடுவார்கள். சூளையில் அதற்குப் பெயர் மேஸ்திரி. நாள் பூராவும் நடந்தும் ஒரு செங்கல்லைக்கூடத் தூக்காத ஆள் வேறு யாராக இருக்க முடியும் என்று எவனோ கேட்டான், பெயர் ஒட்டிக்கொண்டது.

கண்ணைக் கட்டும் வேலை கடைசி நாலு வருடமாக அச்சுக்காரியிடம் இருந்தது. அவள் மண்ணை மர அச்சில் அறைந்து செங்கல் போடுகிறவள். அவள் உட்காரும் இடம் குழிக்குப் பக்கத்தில், காலையில் முதலில் வருகிறவளும் அவள். ஆகவே அந்த வேலையும் அவள் தலையில் விழுந்தது. முதலில் சாயங்காலம் ஒழுங்காக அவிழ்த்துவிட்டாள். ஆனால் காலையில் மறுபடி கட்டப் போனால் அது தலையை உதறும், முகத்தைத் திருப்பும், பத்து நிமிடம் போய்விடும். பத்து நிமிடத்தில் அவள் இருபது செங்கல் போடுவாள். அப்புறம் அவிழ்ப்பதை விட்டுவிட்டாள். துணி கிழிந்தால் அதன் மேலேயே இன்னொன்றைச் சுற்றினாள்.

மோட்டார் வந்த அன்று கத்தரியால் மூன்று அடுக்குத் துணியை வெட்டி எடுத்தார்கள். குதிரை நாலு எட்டு வைத்து நேராகப் போய் மோட்டார்ப் பெட்டியில் மோதியது. மேஸ்திரிக்கு மோட்டார்மேல் கோபம் என்று சிரித்தார்கள். பிறகு சுவரில் மோதியது. அப்போது பக்கத்தில் போய்ப் பார்த்தவர்கள் சிரிக்கவில்லை. இரண்டு கண்ணும் நீலம் பூத்த வெள்ளையாக, நீர் வழிந்து, ஓரத்தில் மயிர் உதிர்ந்து கிடந்தது. எப்போதிருந்து இப்படி என்று முதலாளி கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அச்சுக்காரி மண்ணைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் தோல்காரர் வந்தார். வேலைக்கு ஆகாத மாட்டையும் குதிரையையும் வாங்கி அறுப்புக்கு அனுப்புகிறவர். விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, எலும்பு ஏற்றிப் போக தனக்கு நேரம் இல்லை என்றும், கொஞ்சம் தேற்றி வைத்தால் வருவதாகவும் சொன்னார். தேற்ற யாருக்கு நேரம் இருக்கிறது என்றார் முதலாளி. தான் கொண்டுபோகிறேன் என்று அச்சுக்காரி சொன்னபோது அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"கொண்டு போ. ஆனா நாளைக்கு மனசு மாறிச்சுன்னு திரும்ப இங்க வந்து கட்டிடாதே."

அவள் குடியிருந்தது நாத்தனார் வீட்டின் பின்பகுதியில். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு முற்றம். நாத்தனார் தையல் கடை வைத்துத் தனியாக நின்று வீட்டைக் கட்டியவள். எதையும் அளந்துதான் பேசுவாள், அளந்துதான் கொடுப்பாள். டெம்போவிலிருந்து குதிரை இறங்கியதும் வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னாள்: மூன்று மாதம். அதற்குப் பிறகு அந்த முற்றத்தில் வாடகைக்கு விட இரண்டு அறை கட்டப் போகிறாள். குதிரை நிற்கிறது என்பதற்காக அஸ்திவாரத்தை வளைத்துத் தோண்ட முடியாது.

அச்சுக்காரியின் புருஷன் லாரியில் சுமை ஏற்றி இறக்குகிறவன். அவன் குதிரையைச் சுற்றி வந்தான், குனிந்து குளம்பைப் பார்த்தான். "உனக்கு நான் ஒருத்தன் போதாதா?" என்று மட்டும் கேட்டான்.

மாட்டு டாக்டர் ஒரு சின்னப் பெண். பேச்சு மட்டும் சின்னது இல்லை. கண்ணில் வந்து வந்து போன வீக்கம் இது, பார்வை இனி வராது, ஆனால் வலி இருக்கிறது, அதை நிறுத்தலாம் என்றாள். ஒரு நாளைக்கு மூன்று வேளை சொட்டு மருந்து. ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் ஒரு கண்ணாவது நின்றிருக்கும் என்று போகிற போக்கில் சொன்னாள். யார் கவனித்துக்கொண்டது என்று அவள் கேட்கவில்லை. அச்சுக்காரி சொல்லவும் இல்லை.

லாடக்காரர் வந்து குளம்பைச் சீவினார். வலது குளம்பு இரண்டும் ஒரு பக்கம் தேய்ந்து, இடது குளம்பு இரண்டும் செருப்பு மாதிரி முன்னால் வளர்ந்து மடங்கியிருந்தன. இந்தப் பிராணி ஆயுசுக்கும் சுற்றியே வாழ்ந்திருக்கிறது என்று பார்த்ததுமே சொல்லிவிட்டார். ஒரே நாளில் சரியாக வெட்டினால் நடக்காது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும் என்று மூன்று தடவை வந்தார். தோளில் பட்டை அழுத்திய புண்ணுக்கு உப்புத் தண்ணீர், களிம்பு. தின்ன உமி கலந்த தவிடு, பிறகு நல்ல தவிடு, காய்ந்த புல். காலையிலும் சாயங்காலமும் சொட்டு மருந்து அவள் போட்டாள். மத்தியான வேளைக்கு வீட்டில் இருந்தது புருஷன்தான். நூறு கிலோ மூட்டை தூக்குகிற கையால் இரண்டு சொட்டு விட வருமா என்று திட்டிக்கொண்டே போட்டான். ஒரு நாளும் தவறவில்லை.

தொல்லை வேறு இடத்தில் இருந்தது. அவிழ்த்துவிட்டால் குதிரை இடப்பக்கமாகவே சுற்றியது. மூன்றே நாளில் முற்றத்தில் வட்டமாக ஒரு தடம் விழுந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி தடத்துக்கு இரண்டடி வெளியே இருந்தது. மூக்கை நீட்டும், வாசனை பிடிக்கும், கால் மட்டும் வட்டத்தை விடாது. அவள் தொட்டியை இழுத்துத் தடத்தின் மேலேயே வைத்தாள். அப்புறம் சுற்றுக்கு ஒரு வாய் குடித்தது.

மூன்று மாதம் கழித்து எங்கே கொண்டுபோவது என்பதற்கு வழி கிடைத்தது. தெருவுக்குப் பின்னால் ஊருக்குத் தண்ணீர் விடுகிற மேல்நிலைத் தொட்டி நிலையம், அதை ஒட்டி வேலி போட்ட பெரிய புல்வெளி, ஓரத்தில் பழைய பம்பு கொட்டகை. அங்கே காவலாளி ஒரு காலத்தில் புருஷனோடு மூட்டை தூக்கியவன். புல் இடுப்பு வரை வளர்கிறது என்று மேலதிகாரி மாதா மாதம் அவனைத் திட்டுகிறார். குதிரை மேய்ந்தால் அவனுக்கு வெட்டுகிற வேலை மிச்சம். வரட்டும் என்றான். ஆனால் அந்த இடத்துக்குப் போகிற வழி ஒரு சந்து. டெம்போ நுழையாது. இருநூறு எட்டு தூரம், வலது பக்கம் வீட்டுச் சுவர்கள், இடது பக்கம் முழுக்க மூடாத சாக்கடை, கடைசியில் வண்டி போகாமலிருக்க நட்ட மூன்று கம்பங்கள்.

இடப்பக்கம் மட்டுமே திரும்பத் தெரிந்த குதிரை பத்தாவது எட்டில் சாக்கடையில் இருக்கும்.

அச்சுக்காரிக்குத் தெரிந்தது அச்சு. மரச் சட்டம் ஈரத்தில் ஒரு பக்கம் கோணிக்கொண்டால் அதை நனைத்து எதிர்ப்பக்கம் பாரம் வைப்பாள், நேராகும். அதே கணக்கில் குதிரையை வலப்பக்கமாகச் சுற்ற வைத்தாள். தினமும் வேலையிலிருந்து வந்து ஒரு மணி நேரம், கயிற்றைப் பிடித்து வலது, வலது, வலது. முதல் வாரம் அது முட்டி போட்டு விழுந்தது. நாலாவது வாரம் நடந்தது. கயிற்றை விட்டதும் நின்று, மூச்சை விட்டு, மறுபடி இடப்பக்கம் திரும்பியது.

நாத்தனார் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க முதலாளி சுத்தவிட்டான். இங்க நீ சுத்தவிடுற. அதுக்கு என்னம்மா வித்தியாசம் தெரியப் போகுது?"

இவள் கயிற்றை மறுபடி வலப்பக்கம் இழுத்தாள்.

இரண்டு மாதத்தில் விலா மறைந்தது. முதுகில் சதை ஏறியது. உதிர்ந்த மயிர் போய்ப் புது மயிர் வந்து, பழுப்பு நிறம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. ஒரு நாள் மதில்மேல் ஒரு தலை தெரிந்தது. தோல்காரர். நாத்தனார் சொல்லி அனுப்பியிருந்தாள். குறித்த நாளில் முற்றம் காலியாக வேண்டும் என்பதில் அவள் கவனமாக இருந்தாள்.

"நல்லாத் தேத்தி வச்சிருக்கீங்க," என்றார் அவர். பாராட்டித்தான் சொன்னார்.

அன்று ராத்திரி தவிட்டை அளக்கும்போது அச்சுக்காரியின் கை ஒரு நிமிடம் நின்றது. போடுகிற ஒவ்வொரு படியும் அந்த ஆளுக்குத்தான் போய்ச் சேருகிறதோ என்று இருந்தது. நின்ற கை மறுபடி போட்டது. பட்டினி போட்டு ஒன்றைக் காப்பாற்ற முடியாது.

தவணைக்கு மூன்று வாரம் முன்பே செங்கல் வந்து இறங்கிவிட்டது. மழைக்கு முன் வேலையைத் தொடங்கிவிடலாம் என்று நாத்தனார் அவசரப்படுத்தியிருந்தாள். ஒரு புதன்கிழமை காலை, அச்சுக்காரி சூளையில் இருந்தபோது லாரி வந்தது. இறக்கியது அவள் புருஷனும் அவன் கூட்டாளிகளும். செங்கல் அவள் சூளையுடையது. அவள் கையாலேயே போட்ட கல்லும் அதில் இருந்திருக்கும். சுமைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: எங்கே அடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லாவிட்டால், நடை எங்கே குறைவோ அங்கே அடுக்குவார்கள். இருபது வருடப் பழக்கம், கை தானாகச் செய்யும். கதவுக்குப் பக்கத்தில், குதிரையின் தடத்தின்மேல், இடுப்பு உயரத்துக்கு அடுக்கிவிட்டுப் போனார்கள். குதிரை அப்போது மூலையில் கட்டிக் கிடந்தது. மத்தியானம் அவன் வந்து மருந்து போட்டு, வழக்கம்போல அவிழ்த்துவிட்டு, கை கழுவத் திரும்பினான்.

சத்தம் கேட்டு நாத்தனார் தையல் மெஷினை விட்டு ஓடி வந்தாள். அடுக்கு பாதி சரிந்திருந்தது. குதிரை அதன் நடுவில், மார்பில் வெட்டோடு, முன்முட்டி கிழிந்து, அசையாமல் நின்றது. சுற்றிலும் கல் கிடந்ததால் எங்கே கால் வைப்பது என்று அதற்குத் தெரியவில்லை. அவன் ஒவ்வொரு கல்லாக எடுத்து வழி பண்ணினான்.

சாயங்காலம் நாத்தனார் முடிவைச் சொன்னாள். கல் உடைந்தது போகட்டும், யார்மேலாவது சரிந்திருந்தால் என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை காலை தோல்காரரை வரச் சொல்லியிருக்கிறாள். புருஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அக்கா பேசும்போது அவன் குறுக்கே பேசியதில்லை.

அச்சுக்காரி குதிரையின் முட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

"அது கண்ணைக் கட்டினது நான்தான் அண்ணி. பத்து நிமிஷம் மிச்சமாகுதேன்னு அவுக்காமலே விட்டுட்டேன். உள்ள வெந்துக்கிட்டு இருந்திருக்கு. நாலு வருஷம். துணி மேல துணியா கட்டினேன்."

புருஷனுக்கும் இது புதிது. நாத்தனார் சரிந்த கல் ஒன்றைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"அதுக்கு நான் என்ன பண்ண? வீட்டைத் தள்ளிக் கட்டவா?" என்றாள். உள்ளே போகிறவள் வாசல்படியில் நின்றாள். "ஞாயித்துக்கிழமை அவர் வரும்போது குதிரை இங்க இருந்தா கொடுப்பேன். இல்லைன்னா கொடுக்க என்கிட்ட எதுவும் இல்லை."

வியாழக்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது புருஷன் முற்றத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்லை எல்லாம் பின்சுவர் ஓரமாக மாற்றி அடுக்கியிருந்தான். பக்கத்தில் ஒரு நீள மூங்கில் கிடந்தது. பீப்பாய் தூக்க இரண்டு பேர் தோளில் வைக்கிற மூங்கில்.

"சூளையில கொம்பு எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டான்.

இடது பக்கம் என்றாள்.

"இது இடப்பக்கம் திரும்பலை. இடப்பக்கம் கொம்பைத் தேடுது. காணோம்னு தேடிப் போகுது, காணோம்னு இன்னும் போகுது. நீ ரெண்டு மாசமா அதுக்குத் திரும்பச் சொல்லிக் கொடுக்கிறே. அதுக்குத் திரும்பவே தெரியாது. கொம்பு போன பக்கம் போயிருக்கு, அவ்வளவுதான்."

அவன் மூங்கிலை எடுத்துக் குதிரையின் இடது விலாவில் மெல்ல ஒட்டினான். குதிரையின் காது இரண்டும் முன்னால் வந்தன. பட்டைக்குத் தோளைத் தாழ்த்துவது போலத் தாழ்த்தியது. வேலைக்குத் தயார். முன்முனையை அவள் பிடித்தாள், பின்முனையை அவன். பீப்பாய் தூக்கும்போது போல, முன்னால் போகிறவள் குரல் கொடுக்க வேண்டும். அதற்குத் தெரிந்த சொல் இரண்டே. நடக்க 'ஹே', நிற்க 'ஹோ'. அவள் 'ஹே' என்றாள். மூங்கில் நேராகப் போனது. குதிரையும் நேராகப் போனது, சுவர் வரைக்கும், பதினாலு எட்டு.

அச்சுக்காரி மூங்கிலைக் கீழே வைத்தாள். பன்னிரண்டு வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தது அவள். கண்டுபிடித்தது மூட்டை தூக்குகிறவன். கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் வேலைக்குப் போகாமல் நாள் முழுக்க முற்றத்தில் பழக்கினார்கள். சனிக்கிழமை மத்தியானம், சந்தில் ஆள் நடமாட்டம் குறைகிற நேரமாகப் பார்த்துக் கிளம்பினார்கள். முட்டியில் கட்டு இருந்தது. நாத்தனார் கடையை விட்டு வெளியே வரவில்லை. மெஷின் சத்தம் மட்டும் நின்றது.

முதல் நூறு எட்டு ஒன்றும் ஆகவில்லை. அவள் முன்னால், தலைக்கயிறும் மூங்கிலின் ஒரு முனையும் அவள் கையில். அவன் பின்னால், சாக்கடை விளிம்பில் ஒரு கால் வைத்து ஒரு கால் எடுத்து. பாதி வழியில் எதிரே ஒரு பைக் வந்து நின்றது. குதிரையை ஓரமாக ஒதுக்கச் சொன்னான் பைக்காரன்.

"அதுக்குக் கண்ணு தெரியாது," என்றான் புருஷன். "உனக்குத் தெரியுமில்ல? நீ பின்னால போ."

பைக்காரன் தான் எதற்குப் பின்னால் போக வேண்டும் என்று நியாயம் பேசினான். இவன் பதில் சொல்லத் தலையைத் திருப்பியதில் மூங்கில் விலாவை விட்டு ஒரு சாண் விலகியது. குதிரை அதைத் தேடி இடப்பக்கம் சாய்ந்தது. அவள் 'ஹோ' என்று சொல்வதற்குள் பின்னங்கால் சாக்கடைக்குள் வழுக்கி இறங்கிவிட்டது. பின்பாகம் முழுதும் அந்தப் பக்கம் சரிந்தது. மார்புக் காயம் திறந்து ரத்தம் வந்தது.

அவள் கயிற்றை விடவில்லை. இழுத்தால் கழுத்துதான் நீளும், உடம்பு வராது என்று தெரிந்தும் இழுத்துப் பிடித்தாள். புருஷன் மூங்கிலைப் போட்டுவிட்டுச் சாக்கடைக்குள் குதித்தான். முழங்கால் வரை கறுப்புத் தண்ணீர். குதிரையின் தொடைக்குக் கீழே தோளைக் கொடுத்து, முதுகை நிமிர்த்தி, மூட்டை ஏற்றும்போது வயிற்றிலிருந்து வருகிற அந்த ஒரு சத்தத்தைப் போட்டான். நகரவில்லை. பைக்காரன் பைக்கைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, எங்கே பிடிப்பது என்று தெரியாமல் மூங்கிலை எடுத்தான்.

"அதை விலாவில ஒட்டுங்க," என்றாள் அவள். "அமுக்க வேணாம். ஒட்டினாப் போதும்."

அவன் ஒட்டினான். அவள் 'ஹே' என்றாள். கீழேயிருந்து புருஷன் இன்னொரு முறை சத்தம் போட்டுத் தோளைத் தூக்கினான். கொம்பு கிடைத்துவிட்டது, நடக்கச் சொல்கிறார்கள். குதிரை முன்னங்காலை ஊன்றி, பின்னங்காலை ஒரே உந்தில் மேலே எடுத்துவைத்தது. அந்த உந்தில் புருஷன் சாக்கடையில் உட்கார்ந்துவிட்டான்.

ஏறி வந்த புருஷனிடம் மூங்கிலைக் கொடுத்துவிட்டு, பைக்காரன் பைக்கைப் பின்னால் உருட்டிக்கொண்டே போனான், சந்து முடிகிற வரை. தன் வீட்டில் முதலில் யாரும் இதை நம்பமாட்டார்கள், அப்புறம் சட்டை ஏன் அழுக்கு என்று கேட்பார்கள் என்றான். மூன்று கம்பங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் குதிரையின் வயிறு இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போனது. மூன்று மாதத்துக்கு முன்னால் என்றால் தாராளமாகப் போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அச்சுக்காரி துணி துவைத்துக்கொண்டிருந்தபோது தோல்காரரின் வண்டி வாசலில் நின்றது. நாத்தனார்தான் கதவைத் திறந்தாள். குதிரை இல்லை என்று சொல்வதும், கண் தெரியாத குதிரை எங்கே போகும் என்று அவர் கேட்பதும் காதில் விழுந்தன.

"நடந்து போச்சு," என்றாள் நாத்தனார். கதவைச் சாத்தினாள். பிறகு முற்றத்துக்கு வந்து, அஸ்திவாரத்துக்கு அளவு பார்க்க நாடாவின் ஒரு முனையை இவளைப் பிடிக்கச் சொன்னாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு இவள் பிடித்தாள். 

மத்தியான மருந்து போட அச்சுக்காரியே போனாள். புருஷனுக்குத் தோள் தூக்க முடியவில்லை, படுத்துக் கிடந்தான். வேலிக்குள் நுழைந்து பார்த்தாள். கொட்டகையில் குதிரை இல்லை. நிழலில் இல்லை. புல்வெளியின் நடுவில் பழுப்பாக ஒரு குவியல் கிடந்தது. நாலு காலும் ஒரு பக்கம் நீட்டி, கழுத்து தரையோடு.

அவள் ஓடினாள். செருப்பு ஒன்று வழியில் கழன்றது. பின்னாலிருந்து காவலாளி கூப்பிட்டுக்கொண்டே வந்தான்.

"தூங்குது. எழுப்பிடாதே. நானும் முதல்ல பயந்துட்டேன், போய் மூக்குகிட்ட கை வச்சுப் பார்த்தேன். குறட்டை விடுது."

பக்கத்தில் போனதும் அவளுக்கும் கேட்டது. வயிறு ஏறி இறங்கியது. ஒரு ஈ காதில் உட்கார, காது மட்டும் அசைந்தது. பன்னிரண்டு வருடத்தில் அது படுத்து அவள் பார்த்ததில்லை. சூளையில் நின்றபடியே தூங்கும், முற்றத்திலும் அப்படித்தான். குதிரைக்குப் படுக்கத் தெரியும் என்பதையே அவள் யோசித்ததில்லை.

காவலாளி புல்லைக் காட்டிக் குறை சொன்னான். ஒரே இடத்தில் மொட்டையடித்த மாதிரி மேய்ந்திருக்கிறது, மற்ற இடம் அப்படியே கிடக்கிறது, அதிகாரி வந்தால் என்ன சொல்வது? சாணியை யார் அள்ளுவது? நாளையிலிருந்து தானே வந்து அள்ளுகிறேன் என்றாள். அவன் செருப்பைத் தேடி எடுத்து வந்து கொடுத்துவிட்டுப் போனான்.

மருந்து போடுகிற நேரம் தாண்டிவிட்டது. அவள் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தாள். திடீரென்று கை பட்டால் பயந்துபோகும், குரல் கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். அவள் குரல் கொடுக்கவில்லை. அதுவாக எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தாள்.